எழுந்து நிற்காத லூபே

கற்றுக்கொள்ள வந்தவருக்கு வயது நாற்பத்தெட்டு. சொல்லித்தர வேண்டியவருக்கு முப்பத்தொன்று.

வந்தவர் தணிகாசலம். அரக்கோணத்தில் இருபத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியார். இப்போது நியூசிலாந்தில், ஆக்லாந்தின் தென்பகுதியில் ஒரு பள்ளியில் அதே கணக்கு. அந்த மண்ணின் மாவோரிப் பிள்ளைகளும் சமோவா, டோங்கா தீவுகளிலிருந்து வந்த பிள்ளைகளும் படிக்கும் பள்ளி. வெளிநாட்டு ஆசிரியர்களை முதல் வருடம் வழிநடத்துவது லோசாவின் வேலை. லோசா சமோவாக்காரர். தணிகாசலம் என்ற பெயரில் அந்தப் பள்ளிக்காரர்களின் வாயில் நுழைந்தது முதல் பாதி மட்டும்தான்.

"உட்காருங்க, மிஸ்டர் தணி."

"பரவாயில்லை, மேடம்."

நின்றபடியே ஒரு படிவத்தை இரண்டு கையாலும் நீட்டினார். லூபே என்ற பதின்மூன்று வயதுப் பெண்ணை முதல்நிலைக் கணக்கு வகுப்பிலிருந்து கீழ் வகுப்புக்கு மாற்றச் சொல்லும் படிவம். லோசா கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை முதல் மாற்றம்.

"கணக்கு வரலையா?"

"வகுப்பிலேயே அவளுக்குத்தான் நல்லா வருது."

"பின்னே?"

"மரியாதை கிடையாது. பேர் சொல்லிக் கூப்பிட்டா எழுந்து வந்து நின்னு பதில் சொல்லணும்னு முதல் நாளே சொல்லிட்டேன். எல்லாரும் நிக்கிறாங்க. இவ மட்டும் என் மேசை வரைக்கும் வந்து தரையில உட்கார்ந்துக்கிறா. எழுந்திருன்னா தலையைக் குனிஞ்சுக்கிறா. மூணு தடவை ஆச்சு. வகுப்பே சிரிக்குது."

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். சாரி சார்னா. உட்கார்ந்தபடியே."

லோசா அண்ணாந்து அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கழுத்து வலிக்குது, மிஸ்டர் தணி."

அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். உட்காரவில்லை.

"இங்கே வர்றதுக்கு முன்னாடி இந்தத் தீவுகளைப் பத்தி மூணு புத்தகம் படிச்சேன், மேடம். அதுல எதுலயும் இப்படி ஒரு பொண்ணு இல்லை."

லோசா படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"சாயங்காலம் அவ வீட்டுக்குப் போவோம். நீங்களே கொடுங்க. அவங்க படிச்சதும் நான் கையெழுத்துப் போடறேன்."

லூபே சமோவாவிலிருந்து வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பெரியப்பா வீட்டில் இருந்தாள். பெரியப்பா விமான நிலையத்தில் மூட்டை ஏற்றும் வேலை பார்ப்பவர். அந்தக் குடும்பத்துக்குத் தலைவரும் அவர்தான். ஷிஃப்டுக்குக் கிளம்பும் உடையில், கூடத்துப் பாயில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பாயில் ஏழெட்டுப் பேர். சோபா சுவரோரம் காலியாகக் கிடந்தது.

லோசா வாசலைத் தாண்டியதும் குனிந்து, அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார்.

தணிகாசலம் கூடத்தின் நடுவே நின்றார். படிவத்தை மார்போடு அணைத்துக் கை கட்டிக்கொண்டார்.

"உட்காருங்க," என்றார் பெரியப்பா.

"பரவாயில்லைங்க."

"உட்காருங்க சார்."

"இருக்கட்டுங்க. நிக்கிறேன்."

ஒரு சின்னப் பையன் நகர்ந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போனான். பெரியப்பா மேலே பார்த்தார். தணிகாசலத்தின் முகம் மிகவும் உயரத்தில் இருந்தது.

"எங்க மேல ஏதாவது கோபமா சார்?"

தணிகாசலத்துக்கு ஒன்றும் புரியவில்லை. லோசாவைப் பார்த்தார். லோசா பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்த லூபேதான் பேசினாள்.

"கோபமில்லை பெரியப்பா. சார் ஊர்ல நிக்கிறதுதான் மரியாதை. பிரின்சிபல் வகுப்புக்கு வந்தா எங்க எல்லாருக்கும் முன்னாடி சார் எழுந்துடுவார். கையை இப்படித்தான் கட்டிக்குவார். அவர் போற வரைக்கும் உட்கார மாட்டார்."

"உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. பார்த்தேன்."

"தெரியுதில்ல? அப்போ வகுப்புல நீயும் நிக்கலாமே. இந்தப் பசங்க வந்து சொல்லிச் சிரிக்குதுங்க."

லூபே தரையில் விரலால் ஏதோ வரைந்தாள்.

"நிக்கணும்னுதான் போவேன். சார் நாற்காலியில இருப்பார். அவர் தலைக்கு மேல என் தலை போகும். பெரியவங்க முன்னாடி அப்படி நிக்கலாமா? கால் மடங்கிடுது."

தணிகாசலம் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து பார்த்தார், தன் காலடியைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லாத் தலைகளையும்.

மெல்ல உட்கார்ந்தார். முழங்கால் ஒரு சத்தம் போட்டது. சம்மணம் போட்டு, வேட்டியை இழுத்துவிடும் பழக்கத்தில் பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பெரியப்பாவின் முகம் இளகியது.

"நல்லாத்தானே உட்காரத் தெரியுது. இதுக்கா இவ்வளவு நேரம்?"

முதுகுக்குப் பின்னாலிருந்து பையன் சிரித்தான். லூபேயும் சிரித்துவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்தினாள்.

"கையில என்ன காகிதம் சார்?"

தணிகாசலம் அதை நான்காக மடித்தார்.

"உங்க பொண்ணைப் பத்தித் தப்பா ஒண்ணு எழுதிட்டேன். அதை உங்க முன்னாடி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

பெரியப்பா காகிதத்தைக் கேட்டு வாங்கவில்லை. தன் பக்கமிருந்த தட்டை அவர் பக்கம் தள்ளினார். தேங்காய்ப்பாலில் வெந்த ரொட்டி. தணிகாசலம் முதல் தடவையாகப் 'பரவாயில்லை' சொல்லவில்லை.

திரும்பும்போது லோசா கார் ஓட்டினார்.

"திங்கட்கிழமை அவ என் வகுப்பிலதான் இருப்பா, மேடம்."

"சரி."

"கூப்பிட்டா அவ எழுந்து வர வேண்டாம். நானே அவ மேசைக்குப் போயிடறேன். பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டுக்கிறேன்."

"சரி."

"ஆனா அந்த வகுப்புல முப்பத்தொரு பிள்ளைங்க. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தீவு, ஒவ்வொரு வீடு. இன்னும் எத்தனை பேரை இப்படித் தப்பா எழுதி வெச்சிருக்கேனோ." மடித்த காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "எல்லாத்தையும் சொல்ற நல்ல புத்தகமா ஒண்ணு சொல்லுங்க மேடம். லீவுல உட்கார்ந்து படிச்சு முடிச்சிடறேன்."

சிவப்பு விளக்கு. லோசா வண்டியை நிறுத்தினார்.

"லூபே உங்களை எந்தப் புத்தகத்துல படிச்சா?"