ராஜாவின் கடிகாரம் ஓடிய ஓட்டம்

கஜேந்திர ராஜாவுக்கு ஆட்சி செய்து சலித்துவிட்டது. கப்பல்காரன் ஒருவன் வீட்டில், குண்டு ஆடும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "இது என்ன பிரமாதம்? நானே செய்கிறேன்" என்று அரண்மனைக் கூடத்தில் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்துவிட்டார்.

பலாமரத்தில் பல்சக்கரம் அறுத்தார். ராணியின் பித்தளைத் தாம்பாளம் முகப்பானது. அதில் ஒரே ஒரு முள். கயிற்றில் தொங்கிச் சக்கரத்தைச் சுற்றவைக்க, சமையலறை அம்மிக்குழவி. சக்கரம் கண்டபடி சுற்றாமல் பல் பல்லாக நிறுத்தி விட, இடமும் வலமும் ஆடும் ஒரு செம்பு. மூன்று மாதத்தில் ராஜாவின் கட்டைவிரல் இரண்டு முறை நசுங்கியது. கடிகாரம் "டொக்... டொக்..." என்றது. சபையே கைதட்டியது. வாய்த்துடுக்குக்குப் பேர்போன அரண்மனை விகடகவி சொக்கேசனும் தட்டினான், கொஞ்சம் தாமதமாக.

ஒரே குறை. காலை ஆறுக்குச் சரியாக வைத்தால், உச்சிவெயிலில் அது ஒன்பது மணி காட்டியது.

அரண்மனை மணி அடிக்கும் வெயிலுமுத்துவுக்கு அதெல்லாம் தெரியாது. வழக்கம்போல் நிழலைப் பார்த்து உச்சிப்பொழுது மணியை அடித்தான்.

"எவன்டா அவன்? என் கடிகாரத்தில் ஒன்பதுதான் ஆகிறது!"

"மகாராஜா, சூரியன் தலைக்கு மேலே வந்தாச்சுங்களே..."

"சூரியனை நீயா செய்தாய்? இதை நான் செய்தேன்! இன்று முதல் இந்த நாட்டில் என் கடிகாரம் காட்டுவதுதான் நேரம். இவனுக்கு ஒரு மாதம் சிறை. முள் நாளுக்கு இரண்டாக அறுபது சுற்று சுற்றட்டும், அப்புறம் விடுங்கள்."

அந்தக் கடிகாரத்தில் ஒரு மாதம் என்றால் நிஜத்தில் இரண்டு மாதம். வெயிலுமுத்துவின் மகளுக்கோ பத்தாம் நாள் கல்யாணம். காவலர்கள் இழுத்துக்கொண்டு போகும்போது அவன் சொக்கேசனைப் பார்த்தான். சொக்கேசனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை ராஜா வேட்டைக்குக் கிளம்பினார்.

"சொக்கேசா, கடிகாரத்தைப் பார்த்துக்கொள். நின்றால் உன் தலை இருக்காது. ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்!"

"ஓடவைத்துவிடுகிறேன், மகாராஜா."

குதிரை மறைந்ததும் சொக்கேசன் செம்பைக் கழற்றிக் கீழே வைத்தான். அவ்வளவுதான்! கர்ர்ர்ரென்று முள் பறந்தது, நிமிஷத்துக்கு ஒரு சுற்று. குழவி சரசரவென்று இறங்கியது. இறங்க இறங்க அவன் மேலே இழுத்தான். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. ராஜா பாதியில் திரும்பிவிட்டால் என்ன கதி என்று வாசலை வேறு பார்த்துக்கொண்டான். பக்கத்தில் சிறைக்காவலனை நிறுத்தி எண்ணச் சொன்னான்.

"...ஐம்பத்தொன்பது, அறுபது!"

"ராஜா வாக்கு. போய்க் கதவைத் திற."

ராஜா திரும்பி வந்தபோது உச்சிப்பொழுது மணி முழங்கிக்கொண்டிருந்தது. அடித்தவன் வெயிலுமுத்து! கூடத்துக்குள் பாய்ந்தார். சொக்கேசன் இன்னும் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான்.

"வாருங்கள் மகாராஜா! நாலு மாதமாக ஆளையே காணோமே! வேட்டை எப்படி?"

"செம்பை ஏன்டா கழற்றினாய்?"

"ஓட வேண்டும் என்றீர்களே. அது நின்று ஆடிக்கொண்டிருந்தது. ஆடுகிறது எப்படி ஓடும்?"

ராஜாவின் கை வாளுக்குப் போனது. சொக்கேசன் அவசரமாகச் சொன்னான்: "இப்போது மணிக்கு ஒரு மாதம் போகிறது. பத்தே நாளில் உங்களுக்கு வயது அறுபது! சஷ்டியப்தபூர்த்திக்குப் புரோகிதரிடம் சொல்லியாச்சு."

"அறுபதா? சித்திரையில்தானே எனக்கு நாற்பது முடிந்தது!"

"அது சூரியக் கணக்கு. நம் நாட்டில் செல்லாதே!"

ராஜா மெதுவாக மீசையைத் தடவிப் பார்த்தார். குரல் இறங்கியது. "ராணிக்கு?"

"கேட்டேன், மகாராஜா. 'எனக்குச் சூரியனே போதும்' என்றுவிட்டார்கள்."

ராஜா ஒரு கணம் முறைத்தார். அப்புறம் தாம்பாளம் அதிரச் சிரித்தார். கட்டளை ரத்து. வெயிலுமுத்து கல்யாண வேலையைப் பார்க்க ஓடினான்.

"சொக்கேசா, உன் சாதுர்யத்துக்குப் பரிசு, இந்தக் கடிகாரமே!"

சொக்கேசன் தோளைப் பிடித்துக்கொண்டே காலில் விழுந்தான்.

"அதற்குப் பதில் அந்த ஒரு மாதச் சிறையையே கொடுத்துவிடுங்கள், மகாராஜா!"