மாரிச்செல்வியின் ஸ்டூல்

"அழாதவளுக்கு வருத்தமே இல்லைன்னு அர்த்தமா மிஸ்?"

லேபிலிருந்து எல்லோரும் போன பிறகு முத்துக்கனி கேட்டாள். ஜெபமணி மிஸ் மேசை மேசையாக ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"யார் சொன்னது?"

"எகனாமிக்ஸ் சார்."

"அவர் அதையா நடத்தினார்?"

"டிமாண்ட் நடத்தினார். மனசுக்குள்ள ஆசைப்பட்டா அது டிமாண்ட் இல்லையாம். கையில காசோட கடைக்கு வந்து கேட்டாத்தான் டிமாண்டாம். உள்ளேயே வெச்சிருக்கிறது கணக்குல வராதாம்."

"சரியாத்தானே நடத்தியிருக்கார்."

"அதான் கேக்கேன்."

அந்தக் கல்லூரியில் முதல் வருஷத்துக்குக் காலையில் எகனாமிக்ஸ், மத்தியானம் எலக்ட்ரானிக்ஸ். லேபில் ரெண்டு பேருக்கு ஒரு மேசை. கனிக்கு ஜோடி மாரிச்செல்வி. மாரிச்செல்வி ஒயர் மாட்டுவாள், கனி ரீடிங் எழுதுவாள். மத்தியானம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள். இந்த மாசம் மாரிச்செல்விக்குக் காய்ச்சல் வந்தது. செத்துப்போனாள். அதில் சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லை.

சாவு வீட்டில் வகுப்பே அழுதது. அவளோடு ஒரு வார்த்தை பேசாதவர்கள்கூட அழுதார்கள். கனி அழவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். வாசலில் கிடந்த செருப்புகளை ஓரமாக ஒதுக்கினாள். மாரிச்செல்வியின் அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏட்டி, அவகூட ஒரு தட்டுல தின்னவ நீ. ஒரு சொட்டு வரலியே ஒனக்கு. என் பிள்ளை ஒனக்கு யாருட்டி?"

எல்லோரும் பார்த்தார்கள். கனி கையை விடுவித்துக்கொண்டு அடுத்த ஆளுக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

சாவு வீட்டுக்கு வந்திருந்த மிஸ்ஸும் அன்றைக்கு அழவில்லை. மறுநாள் வந்து அட்டெண்டன்ஸ் எடுத்தார். பழக்கத்தில் மாரிச்செல்வி பெயரையும் கூப்பிட்டுவிட்டார். அவர் அடுத்த பெயருக்குப் போனார். பின் பெஞ்சில் யாரோ "கல்லு" என்றார்கள்.

"நாளைக்குப் பதினாறாம் நாள் காரியம் மிஸ்," என்றாள் கனி. "போகணுமா வேண்டாமான்னு தெரியல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போவேன்? எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே."

"ஒண்ணுமே இல்லையா?"

"உள்ள தேடிப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."

மிஸ் கையிலிருந்த ஒயர்ச் சுருளைப் பிரித்தார். ஒரு பாட்டரி, ஒரு சின்ன பல்பு, ஒரு மீட்டர். எல்லாவற்றையும் கனியின் மேசையில் வைத்தார்.

"மாட்டு."

"எனக்கு மாட்டத் தெரியாது மிஸ். அவதான் மாட்டுவா."

"தெரியும். மாட்டு."

கனி மாட்டினாள். பிடுங்கினாள். திரும்ப மாட்டினாள். பாட்டரியிலிருந்து பல்புக்கு ஒரு ஒயர், பல்பிலிருந்து பாட்டரிக்கு ஒரு ஒயர். அவ்வளவுதான் வேலை. அதற்கே அவளுக்கு வியர்த்துவிட்டது. பல்பு எரிந்தது.

மிஸ் கட்டிங் பிளேயரை எடுத்து ஒரு ஒயரை நடுவில் வெட்டினார். பல்பு அணைந்தது.

"பாட்டரி எவ்வளவு?"

"ஒன்பது வோல்ட்."

"இப்ப பல்புல எவ்வளவுன்னு பாரு."

கனி மீட்டரின் ரெண்டு முனைகளையும் பல்பின் ரெண்டு பக்கமும் வைத்தாள்.

"சைபர்."

"பாட்டரி தீந்துபோச்சா?"

"அதுக்குள்ள எப்படித் தீரும்? இப்பத்தானே எரிஞ்சது."

"அப்ப அந்த ஒன்பது எங்க?"

"நீங்கதானே வெட்டினீங்க. போயிருச்சு."

"தேடு."

வெட்டாத ஒயரின் ரெண்டு நுனியிலும் வைத்துப் பார்த்தாள். சைபர். மறுபடி பல்பில் வைத்தாள். சைபர். அவளுக்கு எரிச்சல் வந்தது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பாடம் நடத்துகிற ஆளிடம் வந்து மாட்டிக்கொண்டோமே என்று இருந்தது.

"ஒண்ணும் இல்ல மிஸ்."

"எல்லா இடத்துலயும் பாத்தியா?"

"வெட்டின இடம்தான் பாக்கி. அங்க என்ன இருக்கு, வெறும் காத்து."

"வெச்சுப் பாரு."

அறுந்த ஒயரின் இந்த நுனியில் ஒன்றும் அந்த நுனியில் ஒன்றுமாக வைத்தாள்.

எடுத்தாள். திரும்ப வைத்தாள்.

"ஒன்பது," என்றாள்.

"கொஞ்சமாவது குறையுதா?"

"இல்ல மிஸ். முழுசா இருக்கு."

கனி முனைகளை எடுத்து எடுத்து வைத்தாள். முனை விலகினால் சைபர், பட்டால் ஒன்பது. மீட்டரில் எண் போய்ப் போய் வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பிடித்தாள். எண் நின்றது.

ரொம்ப நேரம் அப்படியே பிடித்திருந்தாள். வெளியே வாட்ச்மேன் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வந்தார். லேப் ஜன்னலில் எட்டிப் பார்த்தவர், சாத்தாமல் போய்விட்டார்.

"நாளைக்கு நான் போலாமா மிஸ்?"

மிஸ் மேசைக்கு அடியில் கிடந்த ஸ்டூலை இழுத்தார். மாரிச்செல்வியின் ஸ்டூல். அவள் போனதிலிருந்து அதை யாரும் தொடவில்லை. அதில் உட்கார்ந்தார்.

"நானும் வரேன்," என்றார். "மீட்டரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு. எனக்கும் பாக்கணும்."