பக்தியை அளந்த அமைச்சர்

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கொஞ்சம் காதைக் கொடுங்கள். நம் தாத்தாவின் தாத்தாவுக்குப் பால் பல் முளைக்கும் முன்பே, ஆலங்கரை என்று ஒரு நாடு இருந்தது. அதன் ராஜாவுக்கு ஒரே கவலை. "இந்தக் காலத்து இளசுகளுக்குப் பக்தியே இல்லையாமே!" எந்தக் காலத்து ராஜாவுக்குத்தான் இந்தக் கவலை இல்லை?

"நான் அளந்து சொல்கிறேன், அரசே" என்றார் அமைச்சர் குணதரர். சாமி முன் அவர் கண்ணை மூடி, வாயை மூடி, தூண் மாதிரி நிற்பார். அதுதான் பக்தி, மற்றதெல்லாம் வேஷம் என்பது அவர் கட்சி. அப்படி நிற்கிற இளசுகள் மட்டுமே இந்த ஆண்டு தேர் வடத்தைத் தொடலாம் என்று பறை அறைவித்தார்.

எல்லோரும் தேறினார்கள், மூன்று பேரைத் தவிர.

நாச்சி சிரிப்புக்காரி. அணில் ஒன்று சாமிக்கு வைத்த தேங்காய்ச் சில்லைத் தூக்கிக்கொண்டு ஓடிய சத்தத்தில் கண்ணைத் திறந்தாள், களுக்கென்று சிரித்தாள். சாத்தன் கேள்விக்காரன். "சாமியைப் பார்க்க வந்துட்டு எதுக்குங்க கண்ணை மூடணும்?" என்று கேட்டுவிட்டான். பூவணன் பயந்தாங்கொள்ளி. விளக்குச் சுடர் திரைச்சீலையைப் பற்றிவிடுமோ என்று ஒற்றைக் கண்ணைத் திறந்து திறந்து பார்த்தான்.

"மூவருக்கும் பக்தி இல்லை!" என்றார் அமைச்சர். பூவணன் அழுதேவிட்டான். வடம் பிடிக்கும் அந்த ஒரு நாளுக்காகவே ஆண்டு முழுக்கக் காத்திருந்த பிள்ளை, பாவம்.

தேர் நாள் வந்தது. வடத்தைத் தொட்டவனே பக்தன் என்று ஆகிவிட்டதல்லவா? தேரை நிறுத்தச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்களும் கட்டையை எறிந்துவிட்டு வடத்துக்கு ஓடிவிட்டார்கள். மூவரும் ஆற்றுத் தெரு முனையில் ஒதுங்கி நின்றார்கள். அந்தத் தெரு நல்ல சரிவு.

சாத்தனுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏன்டா பூவணா, சரிவுல தேர் தானா ஓடுச்சுன்னா யாருடா நிறுத்துவா?"

பூவணன் உடனே ஓடிப்போய் ஒரு கட்டையைத் தூக்கி வந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

தேர் ஆற்றுத் தெருவுக்குள் திரும்பியது. சரிவில் இறங்கியது. தானாக ஓடியது! வடம் பிடித்தவர்கள் சிதறி ஓடினார்கள். நடுத்தெருவில், தேருக்கு எதிரே, ஒருவர் மட்டும் சாமி கும்பிட்டபடி நின்றார், கண்ணை மூடி, வாயை மூடி, தூண் மாதிரி. வேறு யார், நம் அமைச்சர்தான்.

"கட்டையைப் போடுடா!" என்று கத்திக்கொண்டே நாச்சி தெருவில் பாய்ந்தாள். அமைச்சரின் அங்கவஸ்திரத்தைப் பிடித்து ஒரே இழுப்பு! பூவணன் ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்துகொண்டே சக்கரத்தடியில் கட்டையைத் தள்ளினான். அமைச்சர் சற்றுமுன் நின்றிருந்த இடத்தில் தேர் வந்து நின்றது.

ராஜா ஓடி வந்தார். "அமைச்சரே, இவர்களுக்குப் பக்தி எவ்வளவு?"

அமைச்சர் தலையிலிருந்த புழுதியைத் தட்டினார். "இவர்களிடம் குறை இல்லை அரசே. என் அளவுகோல்தான் கோணல். எல்லோரையும் என்னை வைத்தே அளந்துவிட்டேன்."

வடத்தின் நுனியை அவரே எடுத்து மூவர் கையிலும் கொடுத்தார். ஊரே ஆரவாரித்தது. பூவணன் முகமெல்லாம் சிரிப்பு. ஆனாலும் ஒரு கையால்தான் வடம் பிடித்தான். இன்னொரு கையில் கட்டை இருந்தது.

அவரவர் பக்தி அவரவர் சுபாவத்தின் வழியாகத்தான் வரும். அது நம்முடையதைப் போல இருக்கிறதா என்று பார்க்காமல், பிறருக்கு நல்லது செய்கிறதா என்று பார்ப்பதே அறிவு.