சாதா யூசருக்குக் கிடைக்கும் பதில்

"மெஷின் பொய் சொல்லுது மேடம்," என்றான் இன்னாசி.

வேதவல்லி நிமிர்ந்து பார்த்தார். அந்த சர்வர் ரூமில், எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் பாஸ்வேர்டு அவரிடம் மட்டும்தான். மற்ற எல்லாரும் சாதா யூசர். வேதவல்லி இன்னாசியைவிட வயதில் சின்னவர். எதைக் கேட்டாலும் திருப்பிக் கேள்வி கேட்பார் என்பதால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு சாமியாரம்மா என்று பெயர்.

"என்ன பொய்?"

"பாதுகாப்பு அப்டேட் வந்தாச்சுன்னு ஊரே சொல்லுது. நான் தினமும் கேக்குறேன். புதுசா எதுவும் இல்லைங்குது."

அந்த அப்டேட் ஏறினால்தான் அவன் ஊருக்குக் கிளம்ப முடியும். நாகர்கோவிலில், ஓர் ஆஸ்பத்திரி ஐ.சி.யு.வில், போன வாரத்திலிருந்து அவன் அக்கா கிடக்கிறாள். தாயில்லாத அவனைத் தூக்கி வளர்த்தவள். அக்கா மகன் ஜெபின் தினமும் போனில், "அம்மா அப்படியேதான் இருக்காவ மாமா" என்கிறான். அப்படியே இருக்கிறாள் என்றால் மோசமாகவில்லை என்றுதானே அர்த்தம்? அந்தத் தைரியத்தில், வேலையை முடித்துவிட்டே போகலாம் என்று உட்கார்ந்திருந்தான்.

"எங்க, என் முன்னாடி கேளுங்க."

கேட்டான். அதே பதில்.

வேதவல்லி நாற்காலியை இழுத்துப்போட்டு, ரூட்டாக நுழைந்து, அதே கேள்வியைக் கேட்டார். அப்டேட் முதல் ஆளாக வந்து நின்றது.

இன்னாசிக்கு முகம் சுண்டிவிட்டது.

"நான் கேட்டா இல்ல. நீங்க கேட்டா இருக்கு. சாதா யூசர்னா மெஷினுக்குக்கூட இளக்காரமா?"

"உங்களுக்கு எங்கிருந்து எடுத்துச் சொல்லுச்சு?"

"மெஷின் சேத்து வச்சிருக்குற கேஷ்லருந்துதான். ஒவ்வொரு தடவையும் வெளிய போய் அப்டேட் லிஸ்ட் எடுத்துட்டு வந்தா லேட் ஆகுது. கையில இருக்குற காப்பியைப் பாத்துச் சொன்னா போதும்னு கேப்பேன். அதைத்தான் மணிக்கொரு தரம் தானா புதுப்பிக்குதே."

"யாரோட காப்பியை?"

இன்னாசி திரையைத் திரும்பிப் பார்த்தான்.

மணிக்கொரு தரம் புதுப்பிக்கப்படுவது ரூட்டின் காப்பி. சாதா யூசர் அதில் கைவைக்க முடியாது. அவனுக்கென்று தனியாக ஒரு காப்பி ஒரு மூலையில் கிடக்கும். அவனாகப் புதுப்பித்தால்தான் உண்டு. இத்தனை வருஷம் சர்வரோடு மாரடித்தவனுக்கு இது தோன்றவில்லை, பாவம்.

"அப்போ பொய்தானே மேடம்?"

"இல்ல சார். அதுக்குத் தெரிஞ்சதைச் சொல்லிருக்கு."

"பழசுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

வேதவல்லி அவன் திரையில், பதிலுக்கு மேலே இருந்த ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். லிஸ்ட் எடுத்த தேதி. தினமும் பதிலோடு சேர்ந்தே வந்த வரி. தினமும் அவன் படிக்காமல் தாண்டிப்போன வரி.

அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போனை எடுத்தான்.

"ஜெபின், அக்கா எப்படி இருக்கா மக்கா?"

"அப்படியேதான் இருக்காவ மாமா."

"நீ எப்ப பாத்த?"

"எங்கள எங்க உள்ள விடுதாவ? வாசல்ல நிக்குத சிஸ்டர் சொன்னதுதான்."

"அவங்க எப்ப சொன்னாங்க?"

போனில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"பொறவு கேட்டாலே ஏசுதாவ மாமா. இது... சேத்த அன்னைக்குச் சொன்னது."