பூட்டில்லாத விளையாட்டு

மழை பிடித்தால் இணையம் செத்துப்போகும் தேயிலை எஸ்டேட் அது. அங்கே தொழிலாளர் வாசகசாலையைக் கவனித்துவந்த செங்கமலம், ஒவ்வொரு முறையும் இணையம் வழியாக விற்றவனின் அனுமதி கேட்கும் பூட்டு இல்லாமலே ஓடும் கணினி விளையாட்டுகளாகத் தேடித்தேடி வாங்கியிருந்தாள்.

ஒரு மழைநாளில் எஸ்டேட் மேலாளர் ஆராவமுதன் வந்தார். "பூட்டு இல்லைன்னா திருட்டுச் சரக்குதான். ஆறு கணினியையும் தூக்கிட்டுப் போறேன்."

அவள் ரசீதை நீட்டினாள். அவர் தொடவே இல்லை.

"அப்போ நல்ல சரக்கு எப்படியிருக்கும்னு உங்க மடிக்கணினியில காட்டுங்க ஐயா."

அதிலிருந்த தன் விளையாட்டைப் பெருமையாகத் திறந்தார். 'நீங்கள்தான் வாங்கியவர் என்று உறுதிசெய்ய முடியவில்லை. இணையத்தில் இணையுங்கள்' என்றது திரை. வாசகசாலைக் கணினிகளில் ஆட்டம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க பெட்டியே உங்களைத் திருடன்னு சந்தேகப்படுதே ஐயா. முதல்ல அதைத் தூக்கிட்டுப் போங்க."

கொழுந்து பறித்துவிட்டு வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். மேலாளர் மடிக்கணினியை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்.

செங்கமலம் சிரிக்கவில்லை. அந்த வருஷத்தில் கணினிகளைத் தூக்கிப்போக வந்தவர்களில் அவர் மூன்றாவது ஆள்.