பெருக்கல் குறியும் இறங்கு விளக்கும்

கரூருக்குத் தெற்கே, பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை. அது தன் தலைக்குள்தான் இருக்கிறது என்று நம்பியவர் வையாபுரி மேஸ்திரி. மற்ற இருவரும் அதை நம்பினார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"இத்தனை பஸ் கட்டுன கை, ஒரு விமானம் கட்டாதா?" என்று வையாபுரி ஒருநாள் டீக்கடையில் கேட்டுத் தொலைத்தார். எலக்ட்ரீசியன் அங்கமுத்துவும் பெயிண்டர் செங்கோடனும் "கட்டுமுங்க" என்று சொல்லித் தொலைத்தார்கள். மூன்று வருஷத்தில், இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்று வையாபுரியின் மச்சான் மாரப்பனுடைய தகரக் கொட்டகையில் எழுந்து நின்றது. பஸ் புத்தி லேசில் போகுமா? வாலில் 'ஒலி எழுப்புக' என்று செங்கோடன் எழுதி வைத்திருந்தான். மேகத்துக்குள் பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டான். வையாபுரிக்கும் அது நியாயமாகவே பட்டது.

பறக்க அனுமதி தருமுன் பார்வையிட வந்த அதிகாரி எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, இறங்கு விளக்கு எங்கே என்று கேட்டார். தரையில் இறங்கும்போது பாதை தெரிய இரண்டு இறக்கையிலும் விளக்கு வேண்டும், அதைச் சரியான பக்கம் திருப்பி வைக்கவும் வேண்டும் என்று சொல்லி, எப்படிச் செய்வது என்பதை ஒரு தாளில் மூன்று வரியாக எழுதிக் கொடுத்தார்.

"வியாழக்கிழமை சாயங்காலம் வர்றேன். சரியா இருந்தா கையெழுத்து. இல்லேன்னா இதோட சரி" என்று ஜீப் ஏறிப் போனார்.

மாரப்பன் இன்னும் சுருக்கமாகச் சொன்னார். "மாப்ள, கையெழுத்து வந்தா கொட்டாய் உங்களுது. வரலீன்னா ஞாயித்துக்கெழம கோழிக்குஞ்சு வந்து எறங்குது. மூவாயிரம் குஞ்சுக்குச் சொல்லிப்போட்டன்."

ஒரே ஒரு தடவை விமானம் தரையை விட்டு எழும்பினால் போதும், அப்புறம் செத்தாலும் கவலையில்லை என்று இருந்த மனுஷர் வையாபுரி. அதன் இறக்கையில் கோழி எச்சம் விழுவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

விளக்கு பொருத்தும் வேலை சட்டென்று முடிந்தது. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பஸ் ஹெட்லைட் ஏறியது. எதிரே வருகிறவனுக்குக் கண் கூசக் கூடாதென்று, பழக்க தோஷத்தில் செங்கோடன் இரண்டுக்கும் நடுவில் கறுப்புப் பொட்டு வைத்தான்.

அப்புறம் தாளை எடுத்தார்கள். முதல் வரி, 'இருட்டில் பார்க்கவும்.' அப்போது பகல் பதினொரு மணி.

"இருட்டு நமக்குத்தான வேணும், கொட்டாய்க்கு எதுக்கு?" என்றார் வையாபுரி. மூவரும் துண்டால் கண்ணை இறுக்கக் கட்டிக்கொண்டார்கள்.

"இருட்டாயிருச்சுங்களா?" என்றான் அங்கமுத்து.

"நல்லா ஆயிருச்சு. விளக்கப் போடு."

"போட்டுட்டனுங்க. வெளிச்சம் எங்க விழுகுது?"

"ஒண்ணும் தெரியலியே!"

"அப்ப பல்பு போயிருச்சுங்க."

மூன்று பல்பு மாற்றினார்கள். நாலாவதை மாற்றும்போது வையாபுரியின் துண்டு நழுவியது. விளக்கு ஜோராக எரிந்துகொண்டிருந்தது. இருட்டு வேண்டும் என்றுதான் தாளில் இருக்கிறது, எத்தனை பேருக்கு என்று இல்லையே என்று அவருக்குப் பளிச்சென்று தோன்றியது. அன்று முழுக்க அங்கமுத்து மட்டும் கண்கட்டோடு இருந்தான்.

இரண்டாவது வரி, 'விமானம் இறங்கும் நிலையில் இருக்க வேண்டும்.'

"இது நிக்குதுங்களே. எறங்கலியே" என்றான் செங்கோடன்.

"எறங்கோணும்னா மொதல்ல ஏறோணும்."

"ஏறோணும்னா கையெழுத்து வேணுமுங்க."

"கையெழுத்துக்கு விளக்கு வேணும்."

"விளக்குக்கு எறங்கோணுமுங்களே!"

கடைசியில் வையாபுரிக்கு யோசனை வந்தது. சங்கிலி மாட்டி விமானத்தை நாலடி தூக்கினார்கள், மெல்ல இறக்கினார்கள். இப்போது அது இறங்குகிறதா இல்லையா?

மூன்றாவது வரி, 'இருபத்தைந்து அடி தள்ளிச் சுவரில் உள்ள பெருக்கல் குறி மேல் வெளிச்சம் விழ வேண்டும்.' சங்கிலியில் விமானம் ஆடியது. வெளிச்சம் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் விழுந்தது. விளக்கைத் திருப்புவது கஷ்டம், குறி போடுவது சுலபம் என்பதால், வெளிச்சம் விழுந்த இடத்திலெல்லாம் செங்கோடன் ஒரு குறி போட்டான். நாற்பத்தோராவது குறி போட்டபோது வெளிச்சம் ஆடாமல் அதன் மேலேயே நின்றது. வையாபுரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புதன்கிழமை அங்கமுத்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். "ஏனுங்ணா, ஓடுபாதையில செவுரு இல்லீங்களே. வெளிச்சம் எதுமேல விழுகும்?"

செங்கோடன் அழுதே விட்டான். அப்போதுதான் வையாபுரியின் மூளை தன் வாழ்நாளின் பெரிய காரியத்தைச் செய்தது. "செவுத்தயும் கூடவே கூட்டிட்டுப் போயிரலாம்" என்றார்.

கொட்டகைச் சுவரில் அந்தக் குறி இருந்த தகரத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். விமானத்துக்கு முன்னால் இரண்டு நீளக் குழாய்களை நீட்டி, நுனியில் தகரத்தை மாட்டினார்கள். கனம் தாங்காமல் முன்சக்கரம் அமுங்கி மூக்கு விசிறி தரையை உரசியது. வையாபுரி வாலில் ஏறி உட்கார்ந்தார். விமானம் சமமாக நின்றது. மூன்று வருஷத்தில் அவர் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அதிகாரி வந்தார். கொட்டகைக்கு வெளியே, ஓடுபாதையில் கிழக்கு பார்த்து நின்ற விமானத்தை வெகுநேரம் பார்த்தார்.

"என்னய்யா இது?"

"வெளிச்சம் குறி மேலயே விழுகுதுங்க. எங்க போனாலும் விழுகும்" என்றார் வையாபுரி, வாலில் இருந்தபடி.

"ஓடுபாதை தெரியுதா?"

"தகரம் மறைக்குதுங்க."

அதிகாரி தன் கையால் எழுதிய தாளை ஒருமுறை படித்துப் பார்த்தார். நல்ல மனுஷர். மூன்று வருஷ உழைப்பு என்பது அவருக்குத் தெரியும். "சரி, குழாயையும் தகரத்தையும் கழட்டுங்க. வெளிச்சம் தரையில விழுந்தா இப்பவே போட்டுடறேன்" என்று பேனாவைத் திறந்தார்.

குழாயைக் கழற்றினார்கள், தகரத்தைக் கழற்றினார்கள். வையாபுரியை இறங்கும்படி யாரும் சொல்லவில்லை. அவரும் இறங்கவில்லை.

வால் தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. மூக்கு எழும்பியது. இரண்டு விளக்கும் ஓடுபாதையை விட்டு, வேப்பமரத்தைத் தாண்டி வானத்துக்குப் போயின. அங்கே முழு நிலா அப்போதுதான் எழும்பியிருந்தது.

செங்கோடன் பெயிண்ட் டப்பாவோடு அண்ணாந்து பார்த்தான். "மேஸ்திரி, நிலா மேலயே விழுகுதுங்க! அதுல முன்னாலயே யாரோ கறுப்புப் பொட்டு வேற வெச்சிருக்காங்க."

"முறையாத்தான் செஞ்சிருக்காங்க. குறி மட்டுந்தான் பாக்கி. ஏணி எடுத்துட்டு ஓடியா!" என்று கத்திய வையாபுரி, அதிகாரி பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "ஐயா, பேனாவ மூடிப்போடாதீங்க. ஏணிக்குப் போயிருக்கான்."

ஞாயிற்றுக்கிழமை மூவாயிரம் குஞ்சுகளும் வந்து இறங்கின. விமானம் வெளியிலேயே நிற்கிறது. இதுவரை ஒன்பது ஏணிகளை ஒன்றோடொன்று வெல்டிங் வைத்தாயிற்று. இன்னும் ஒன்றிரண்டு இருந்தால் எட்டிவிடும் என்று வாலில் உட்கார்ந்தபடி வையாபுரி சொல்கிறார்.