ஏறும் முன்பே இறங்கிய மாப்பிள்ளை

பஜ்ஜித் தட்டு கைக்கு வருவதற்குள் நவநீதன் சீனாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். உடம்பு மட்டும் திருப்பூரில், அவிநாசியப்பன் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தது.

அவன் வந்தது பெண் பார்க்க. எம்பிராய்டரி மிஷின் மெக்கானிக். அந்த மிஷினைச் செய்கிற சீனக் கம்பெனி அவனை இரண்டு வருஷம் அங்கேயே வைத்திருந்து, போன மாசம்தான் திருப்பி அனுப்பியிருந்தது. பார்க்கப்பட வேண்டிய பெண் வாணி, அப்பா அவிநாசியப்பனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

ஆனால் முதலில் பேசியது மாப்பிள்ளை இல்லை, அவன் அம்மா தெய்வாத்தாள். "ஒண்ணு முன்னாலயே சொல்லிர்றனுங்க. எங்க ஊட்டுக்கு வர்ற மருமக வேலைக்குப் போகக் கூடாது. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

வாணி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலையில் சேர்ந்தவள் அவள். இன்றைக்கு வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிற பையரிடம் தானே பேசி, துணி வாங்குவதிலிருந்து பெட்டியைக் கப்பலேற்றுவது வரை பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர். வேலையை விடச் சொல்கிற வீடு வேண்டவே வேண்டாம் என்று அப்பாவிடம் முன்னமே சொல்லி வைத்திருந்தாள். அப்பா இப்போது அவள் முகத்தைப் பார்க்காமல், "அதெல்லாம் பேசிக்கலாமுங்க" என்றார். சரி, இதுவும் போயிற்று என்று முடிவு கட்டிக்கொண்டு, மரியாதைக்காக நின்றாள். அப்போதுதான் அந்த ஆள் வாயைத் திறந்தான்.

"சீனாவா? அதையேன் கேக்கறீங்க. காலைல ரோட்டோரம் ஒரு கடைல டீ சொன்னனுங்க. போன் வந்துது, ஒரு நாலு எட்டு தள்ளிப் போய்ப் பேசிட்டுத் திரும்பறேன், கடையக் காணோம். அண்ணாந்து பாத்தா இருவத்திரெண்டாவது மாடில இருக்குது. டீக்கடைக்காரர் அடுப்ப விட்டு நகரவே இல்லீங்க. கட்டடம் பாட்டுக்கு அவருக்குக் கீழ மொளச்சு, அவரத் தூக்கிட்டுப் போயிருச்சு."

வாணியின் சித்தப்பா செல்லமுத்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பஸ் பலகையில் ஊர்ப் பெயரைப் படித்த பிறகும் கண்டக்டரிடம் கேட்பார், கண்டக்டர் சொன்ன பிறகு டிரைவரிடமும் கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். அப்படிப்பட்டவர்.

"ஏனுங் மாப்ள, அந்த டீயக் குடிச்சீங்களா?"

"குடிச்சனுங்க மாமா. லிப்ட் வர்றதுக்குள்ள ஆறிப் போச்சு."

வாணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். இந்த இடத்தில் சிரித்தால் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள்.

"எனக்கு ரூம் வாடகைக்கு உட்டவரு பேரு லின், நமக்கு லின்னண்ணன்," என்றபடி நவநீதன் ஒரு பஜ்ஜியை எடுத்தான். "வெவசாயி. வெங்காய நாத்து நடறதுக்குக் குனிஞ்சாராம். நிமுந்து பாத்தா வயல் ரெண்டு பக்கமும் நாலு வழிச் சாலை. சரி, அந்தப் பக்கம் போலாம்னு ரோட்டத் தாண்டறாரு, தாண்டறதுக்குள்ள கார் வந்திருச்சு."

"மோதிருச்சா?"

"அட, மோதலீங்க. அவருக்குச் சொந்தமா வந்திருச்சு. சாவிய வாங்கறதுக்குக் கைல எடமில்லாம, மம்புட்டிய பின்சீட்ல வெச்சாரு. இன்னிக்கும் அங்கதான் இருக்குது. வயல் போயிருச்சு, மாத்தி முப்பதாவது மாடில ஊடு குடுத்துட்டாங்க. ஆளுக்குக் கை சும்மா இருக்குமுங்களா? வெங்காயத்தக் கார் மேல நட்டுட்டாரு. பால்கனில கோழி. கோழி கம்பி மேல உக்காந்து முட்டை போடும். அது முப்பது மாடி எறங்கறதுக்குள்ள அடை காஞ்சு, குஞ்சு பொரிச்சு, கீழ போய் நடந்து போயிரும். லின்னண்ணன் ஒரு நாளும் முட்டை தின்னதில்லீங்க."

"கோழி அடை காக்க வேண்டாமா?" என்றார் சித்தப்பா.

"காத்து சூடுங்க மாமா. அத்தன ஏசி வெளிய ஊதுது."

சித்தப்பா தெய்வாத்தாளைப் பார்த்தார். அந்த அம்மாள் அசையவில்லை. "பொறந்தப்பவே இவன் அழுகலீங்க. நர்சம்மாகிட்ட வழில நடந்ததச் சொல்லிட்டு இருந்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, காப்பியை ஆற்றிக் குடித்தாள்.

நவநீதனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சீனாவில் இப்போது யாரும் சட்டைப் பையில் காசு வைப்பதில்லை, எல்லாம் போன்தான், அதனால் தையல்காரர்கள் பாக்கெட் வைப்பதையே மறந்துவிட்டார்கள் என்றான். பாவப்பட்டவர்கள் ஜேப்படிக்காரர்கள்தானாம். கை விடுவதற்குப் பை இல்லாமல், கழுத்தில் கட்டம் போட்ட அட்டையை மாட்டிக்கொண்டு நின்று, நீங்களே ஸ்கேன் பண்ணி உங்களைத் திருடிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறார்களாம். சாப்பாடு கொண்டுவருகிறவன் பசிக்கிறதுக்கு முன்னாலேயே கதவைத் தட்டுவானாம். பசிக்கவில்லையே என்றால், இன்னும் கொஞ்ச நேரத்தில் பசிக்கும் என்று சொல்லிவிட்டு, கூடவே செரிமானத்துக்கு மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போவானாம்.

"அப்ப சமைக்கறதே இல்லீங்களா?" என்றார் அப்பா. அவருக்கு வாய் திறக்க இப்போதுதான் தைரியம் வந்திருந்தது.

"நான் சமைப்பனுங்க. லின்னண்ணனுக்கே நூடுல்ஸ் வேக வெக்கச் சொல்லிக் குடுத்தது நானுங்க. தெனமும் ராத்திரி ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் உக்காருவோம். அந்த நேரத்துல ஊட்ல ஒரு பொடிசத் தவிர வேற ஆளில்லீங்க." அவன் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "ஊடு அவ்வளவு பெருசு. மகன் ஒரு ஊர்ல வேலை, மருமக இன்னொரு ஊர்ல. பேரன் மட்டும் இவருகிட்ட. அப்பங்காரன் தெனமும் போன்லதான் வருவான். ஒரு நாள் நேர்லயே வந்து நின்னான். அந்தப் பொடிசு அவன் மூஞ்சில வெரல வெச்சு ஒரு தள்ளு தள்ளிப் பாத்துது, அடுத்த ஆள் வருவாங்களான்னு."

யாரும் சிரிக்கவில்லை. இது மட்டும் புளுகு இல்லை என்று வாணிக்குப் பட்டது. தெய்வாத்தாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். துடைத்த வாயையே திரும்பத் துடைத்தாள். கணவர் இல்லாத வீட்டில், மகனைப் போனில் மட்டும் பார்த்துக்கொண்டு இரண்டு வருஷம் அந்த அம்மாளும் தனியாகத்தானே சோறு தின்றிருப்பாள் என்ற எண்ணம் வாணிக்கு வந்தது. மருமகள் வேலைக்குப் போகக் கூடாது என்று அவள் சொன்னதன் உள்ளே என்ன இருந்தது என்று அப்போது புரிந்தது. கோபம் பாதி இறங்கிவிட்டது.

"அண்ணனோட சம்சாரம்?" என்றார் சித்தப்பா.

"அவங்கதானுங்க எங்க கம்பெனில ராத்திரி ஷிப்ட்ல லைன் முழுக்கப் பாத்துக்கறது. அவங்க செருமுனா ஒரு ஹால் மிஷினும் நின்னு, இன்னொரு தடவ செருமுனா ஓடும். அங்க பொம்பளைங்க வேலைக்குப் போகாம உக்காந்தா, அந்த டீக்கடை இருவத்திரெண்டாவது மாடிலிருந்து எறங்கித் தரைக்கு வந்துருமுங்க. நாடே அவங்க கைலதான் ஓடுது."

"அப்படீன்னா நம்ம வாணி வேலைக்குப் போனா என்னுங் மாப்ள?"

நவநீதன் அம்மாவைப் பார்த்தான். பஜ்ஜியைப் பார்த்தான். "நம்மூரு வேற இல்லீங்களா" என்றான்.

வாணிக்கு வந்த கோபம் சாதாரணமானது இல்லை. ஒரு நாட்டையே பெண்கள் தலையில் தூக்கி வைத்துவிட்டு, இங்கே ஒருத்தி பஸ் ஏறி வேலைக்குப் போவதை மட்டும் இந்த ஆளால் கற்பனை செய்ய முடியவில்லை. அதைவிட எரிச்சல், அவனை அவளுக்குப் பிடித்துத் தொலைத்திருந்தது.

பேச்சின் சுவாரஸ்யம் குறைந்ததைக் கவனித்த நவநீதன் அவசரமாக ரயிலுக்குத் தாவினான். "இதெல்லாம் என்னுங்க, அங்க ரயில் இருக்குது பாருங்க. அப்படி ஒரு வேகம். வருசப் பொறப்புக்கு நாடே ஊருக்குப் போகும், நானும் லின்னண்ணனோட கெளம்பினேன். ஏறறதுக்கு முன்னாலயே எறங்கிட்டனுங்க. நான் பையத் தூக்கிட்டுப் போறத நானே பிளாட்பாரத்துல நின்னு பாத்தேன். ஒரு தடவ டிரைவர் பிரேக்க லேட்டாப் புடிச்சுட்டாரு, வண்டி அடுத்த மாசத்துல போய் நின்னுருச்சு."

"அடுத்த ஊர்ல?"

"மாசத்துலைங்க மாமா. நான் இங்க வந்து பஜ்ஜி திங்கறத அங்கயே பாத்துட்டேன். உப்புக் கம்மின்னு அப்பவே தெரியும், மரியாதைக்குத்தான் திங்கறேன்."

"அந்த ரயிலு நெசந்தானுங்களா?"

கேட்டது வாணி. பெண் பேசிவிட்டாள் என்று அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார்.

"எங்கம்மா மேல சத்தியமா நெசமுங்க" என்றான் நவநீதன். தெய்வாத்தாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"எனக்கும் தெரியுமுங்க," என்றாள் வாணி. "கம்பெனில துணி பாக்க அனுப்பிச்சாங்க, அதே வண்டில நானும் வந்தேன். நீங்க ஜன்னலோரம் உக்காந்து யாருகிட்டயோ முட்டைக் கதை சொல்லிட்டு இருந்தீங்க."

நவநீதன் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டிலேயே திரும்ப வைத்தான். பாஸ்போர்ட்டே எடுக்காத மகளை அவிநாசியப்பன் வாய் பிளந்து பார்த்தார்.

"அன்னிக்கு வண்டி நிக்கவே இல்லீங்க. மாசத்தையெல்லாம் தாண்டி, நேரா வர்ற தை மாசம் நம்ம கல்யாண மண்டபத்துல வந்து நின்னுது. நான் எறங்கிப் பாத்தேன். ஒறம்பரை சனமெல்லாம் உக்காந்திருக்கறாங்க. நீங்க மைக்க வாங்கி, 'என்ற சம்சாரம் வேலைக்குப் போவா, காலைல சமையல் நான் பாத்துக்கறேன்'னு சொன்னீங்க. எல்லாரும் கை தட்டுனாங்க. அப்பறம் பாத்தா, நான் கம்பெனிலிருந்து வந்துட்டேன். அத்தை வாசல்லயே நிக்கறாங்க. போனையெல்லாம் அலமாரிக்குள்ள வெச்சுட்டு மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம். அத்தை தனியாச் சாப்பிட்ட ஒரு ராத்திரி கூட நான் பாக்கலீங்க." அவள் நேராக அவனைப் பார்த்தாள். "நான் சொன்னது பொய்ங்களா?"

செல்லமுத்துவின் நாற்காலி இன்னும் ஒரு அடி முன்னால் வந்தது. சித்தப்பா இவ்வளவு சந்தோஷமாக இருந்து வாணி பார்த்ததில்லை. "சொல்லுங் மாப்ள," என்றார். "பொய்யின்னா ரயிலும் பொய்யி. ரயிலு பொய்யின்னா நீங்க சத்தியம் பண்ணுனது உங்கம்மா மேல."

நவநீதன் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். அம்மா பக்கம் பார்க்கப் பயந்து பார்த்தான். பிறகு வாணியைப் பார்த்தான். அவன் முகத்தில், தன் சொந்த ஊர்க்காரரை வெளிநாட்டில் சந்தித்தவனின் சந்தோஷம் இருந்தது.

"நெசந்தானுங்க," என்றான். "நான் மைக்ல சொன்னது அப்படியே சொல்றாங்க."

இப்போது எல்லோரும் தெய்வாத்தாளைப் பார்த்தார்கள். வாணி அப்பாவின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். இந்த அம்மாள் எழுந்து நடந்துவிட்டால் ரயிலும் இல்லை, மண்டபமும் இல்லை.

தெய்வாத்தாள் ஒரு பஜ்ஜியை எடுத்துப் பிய்த்து, மெதுவாகத் தின்று முடித்தாள்.

"அந்த வண்டில நானுந்தான் வந்தேன், பின் சீட்ல," என்றாள். "பொண்ணு சொன்னது அத்தனையும் நெசம், நானே வாசல்ல நின்னேன். இவன் சமைப்பான்னு சொன்னது மட்டும் பச்சப் புளுகு கண்ணு. இவனுக்குச் சுடுதண்ணி வெக்கத் தெரியாது."